இரண்டு பேப்பர்

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். எதிர்வீட்டில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில் என்று கேள்வி. தினமும் பின்னேரம் மரைன் டிரைவ் பக்கம் போவார். ஏழு மணிக்கு இரண்டு இடியப்பப் பார்சலோடு திரும்புவார். ஒருவருக்கு ஏன் இரண்டு? யாராவது வருகிறார்களா என்று செக்யூரிட்டியிடம் விசாரித்து, வருகிறவர்கள் கையெழுத்து வைக்கும் கொப்பியையும் பார்த்தேன். எவரும் இல்லை. பாவமாக இருக்கிறது. அவரை வைத்து ஒரு சிறுகதை எழுதலாமா?

கே.

அன்புள்ள கே.,

எழுதுங்கள். ஒன்று இரவுக்கு, மற்றது காலைக்கு. ஃபிரிட்ஜ் என்று ஒரு சாமான் இருக்கிறது. பாவம் பார்ப்பதையும் விடுங்கள். பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டுக் கடற்காற்று வாங்குகிற மனிதர், வேலையால் களைத்து வரும் உங்களைப் பார்த்துத்தான் பாவம் என்று நினைப்பார்.

ஆனால் அந்தக் கொப்பியை ஏனம்மா புரட்டினீர்கள்? ஒரு மனிதரைப் பற்றி ஆயிரம் யோசிக்கலாம். இந்த ஊரில் தமிழர் வீட்டுக்கு யார் வருகிறார், எதற்கு வருகிறார், எத்தனை நாள் நிற்பார் என்று கேட்டு எழுதியவர்கள் வேறு ஆட்கள். பொலிஸ் பதிவு என்று ஒன்று இருந்தது, உங்கள் வயதுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை, தகுந்த காரணமில்லாமல் நிற்கிறார்கள் என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்தாலும் பயம் போகுமா?

அந்த மாதம் ஓர் இரவு எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். என் பதிவுத் துண்டு காலாவதியாகியிருந்தது. பக்கத்து வீட்டு அன்ரி நைட்டியோடு வெளியே வந்து, நான் தன் தங்கச்சியின் மகன் என்றும் சோதனை எழுத வந்திருப்பதாகவும் நல்ல சிங்களத்தில் சொன்னார். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அவரும் தனிதான். ஞாயிறுகளில் இரண்டு வீரகேசரி வாங்குவார். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவர் என்னிடம் காசு தந்தார். நான் என் புத்தியைக் காட்டி ஒன்று மட்டும் வாங்கி, மீதிக் காசை நீட்டினேன்.

“மற்றது எங்கை?”

காலி வீதிக்குத் திரும்ப ஓடினேன். வந்து கொடுத்ததும், ஒன்றை மடிப்புக் கலையாமல் கதிரையோரம் இருந்த அடுக்கின் மேல் வைத்தார். அடுக்கு என் இடுப்பு உயரம். எல்லாம் பிரிக்காத பேப்பர்கள். மற்றதை விரித்து மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போனார்.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை.

சரி, உங்கள் கதை. எழுதி அனுப்புங்கள், வாசிக்கிறேன். ஐயா இடியப்பத்துக்குச் சொதி விடுவாரா, சம்பலோடு மட்டும் சாப்பிடுவாரா என்பது அதில் வர வேண்டும். செக்யூரிட்டியிடம் கேட்காமல்.