மாத்திரையை நிறுத்தியதும் வாயில் வெண்படலம் ஏன் திரும்புகிறது?

கேள்வி: எனக்கு வயது 63. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறேன். மேல்தாடையில் பல்செட் இருக்கிறது. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளையாகப் படிந்து, காரம் பட்டால் எரிந்தது. ஈஸ்ட் தொற்று என்று கூறிய மருத்துவர், ஃப்ளுகோனசோல் 100 மி.கி. மாத்திரையை 14 நாள்களுக்கு எழுதிக் கொடுத்தார். 4 நாளில் சரியாகிவிட்டதால் நிறுத்திவிட்டேன். 3 வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது. மருந்து கிருமியைக் கொல்லவில்லையா? அதையே கடையில் வாங்கிப் போடலாமா, அல்லது இன்னும் வீரியமான மருந்து வேண்டுமா?

பதில்: கொல்லவில்லை என்பதே உங்கள் முதல் கேள்விக்கான விடை. வாயில் இந்த வெண்படலத்தை உண்டாக்கும் கேண்டிடா என்ற ஈஸ்ட்டை ஃப்ளுகோனசோல் பெரும்பாலும் பெருகவிடாமல் தடுத்து நிறுத்துகிறதே தவிர, நேரடியாக அழித்துவிடுவதில்லை. மருத்துவர் 14 நாள் கணக்கு வைத்ததன் காரணம் இதில்தான் இருக்கிறது.

பாக்டீரியாவின் உடலமைப்பு நம் செல்களிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதனால் நம்மைத் தொடாமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் பல கிடைத்தன. ஈஸ்ட் அப்படியன்று. அதன் செல்லிலும் நம் செல்லைப் போலவே உட்கரு இருக்கிறது, புரதம் தயாராகும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. மருந்து நுழைவதற்கு இருக்கும் சில இடைவெளிகளில் முக்கியமானது செல் சவ்வு. நம் செல் சவ்வுக்கு உறுதி தருவது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் சவ்வில் அந்த வேலையைச் செய்வது எர்கோஸ்டெரால். லானோஸ்டெரால் என்ற பொருளிலிருந்து பல படிகளில் எர்கோஸ்டெரால் உருவாகிறது. அவற்றுள் ஒரு படியை நடத்தும் நொதியின் நடுவே உள்ள இரும்பு அணுவைப் பற்றிக்கொண்டு, ஃப்ளுகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. எர்கோஸ்டெரால் குறைகிறது; அதற்குப் பதிலாக உருக்குலைந்த வேறு ஸ்டெரால்கள் சவ்வில் சேர்கின்றன. இருந்த சவ்வு உடனே கிழிந்துவிடுவதில்லை. மொட்டுவிட்டுப் புதிய செல்களை உண்டாக்கும் வேகம்தான் தடைபடுகிறது.

தேங்கி நிற்கும் அந்தச் செல்களை அழித்து முடிப்பவை உங்கள் இரத்தத்தின் வெள்ளணுக்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது அவற்றின் திறன் மங்குகிறது, உமிழ்நீரிலும் குளுக்கோஸ் கூடுகிறது. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரையைப் போலவே சர்க்கரை அளவும் சிகிச்சையின் ஒரு பாதியாகிறது. மூன்று மாத சராசரி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து வெகு நாளாகியிருந்தால் இப்போது செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பல்செட். அதைக் கழற்றி, அண்ணத்தை ஒட்டியிருக்கும் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று ஏதாவது ஒட்டினால், அது உணவுத் துணுக்கு மட்டுமாக இராது. பல்செட் செய்யப்படும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய பள்ளங்களில் ஈஸ்ட் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படிந்து, தம்மைச் சுற்றிப் பசை போன்ற உறையைக் கட்டிக்கொள்கின்றன. அந்த உறையிலுள்ள குளுக்கன் என்ற மாவுப்பொருள் மருந்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால், செல்லுக்குள் போய்ச் சேரும் அளவு குறைந்துவிடுகிறது. 4ஆம் நாள் கண்ணாடியில் நாக்கு சுத்தமாகத் தெரிந்திருக்கலாம், பல்செட் சுத்தமாகியிருக்காது. ஒவ்வோர் இரவும் அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவி, பல் மருத்துவர் சொல்லும் கரைசலில் ஊற வையுங்கள். இரவில் போட்டுக்கொண்டே தூங்குவதை இன்றே விட்டுவிடுங்கள்.

வீரியமான மருந்து பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செல்லை நேரடியாகத் தாக்குபவை உண்டு. 1950இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த நிஸ்டாட்டின், எர்கோஸ்டெராலுடன் பிணைந்து சவ்வைக் கசியச் செய்கிறது. குடல் வழியாக அது உடலில் சேராது; பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். ஆகவே அந்தத் திரவத்தைத் தருவார்களானால், பல்செட்டைக் கழற்றிவிட்டு வாய்க்குள் நன்றாகச் சுழற்றி, இயன்ற நேரம் வைத்திருக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ஆம்போடெரிசின் பி, ஈஸ்ட்டின் செல் சுவர் கட்டுமானத்தைத் தடுக்கும் காஸ்போஃபங்கின் ஆகியவை பெரும்பாலும் உடலுக்குள் பரவிய தீவிரத் தொற்றுகளுக்காக நரம்பு வழியாகச் செலுத்தப்படுபவை. முன்னது சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். உங்கள் வாய்க்கு இவை தேவைப்படும் நிலை இப்போது தெரியவில்லை.

கடையில் நீங்களே வாங்கிப் போடுவதை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அரைகுறையாகத் திரும்பத் திரும்ப மருந்தைச் சந்திக்கும் ஈஸ்ட், அதை வெளியே தள்ளும் பம்புகளைப் பெருக்கிக்கொள்ளவும், முடக்கப்பட்ட நொதியின் வடிவத்தை மாற்றிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. கேண்டிடா குரூசி என்ற இனம் இயல்பிலேயே ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படாது, கேண்டிடா கிளப்ராட்டா பல நேரங்களில் குறைவாகவே கட்டுப்படும். வாயிலிருந்து பஞ்சால் ஒற்றியெடுத்து வளர்த்துப் பார்த்தால், உங்களுக்கு வந்திருப்பது எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணத்தை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூஞ்சையில் முடங்கும் அந்த நொதியின் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் நம் கல்லீரலிலும் இருக்கின்றன. கிளிமிபிரைடைச் சிதைத்து வெளியேற்றுவது அவற்றுள் ஒன்று. ஃப்ளுகோனசோல் அதையும் தடுக்கிறது. அப்போது கிளிமிபிரைடு இரத்தத்தில் அதிக நேரம் தங்கி, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் குடித்துவிட்டு, குளுக்கோமீட்டரில் அளவு பாருங்கள். மருந்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் நீங்கள் போடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும் இது மிக முக்கியம்.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால், அல்லது உணவு தொண்டையில் நிற்பது போலிருந்தால், தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கக்கூடும். அப்படியானால் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.