எல்லோரும் சரியாகக் குறித்தார்கள், பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். சீன அரசின் உதவித்தொகையில் வூஹான் நகரில் கல்வியியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்காக, இங்குள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு, பழைய பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வந்த ஓர் ஆங்கில உரைப்பகுதியையும் அதற்குரிய நான்கு பல்தேர்வு வினாக்களையும் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகக் குறித்துவிட்டார்கள். தாளை வாங்கிக்கொண்டு, "படித்ததை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுங்கள்" என்றேன். பாதிப் பேரால் முடியவில்லை. சிலர் முற்றிலும் வேறு எதையோ எழுதியிருந்தார்கள். வகுப்பு ஆசிரியை, "மதிப்பெண்ணை விட வேறென்ன சான்று வேண்டும்?" என்கிறார். என்னுடன் படிக்கும் வெளிநாட்டு நண்பர்களோ, "சீனப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், வாசிக்க மாட்டார்கள்" என்கிறார்கள். நான் யாரை நம்புவது? என் சோதனைத் தாளை எப்படி அமைப்பது? எனக்குத் தெரிந்த சீன மொழி கடைவீதிக்குப் போதும், அதற்கு மேல் இல்லை.
— வாசகி, வூஹான்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த நண்பர்களின் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிற கருத்து ஆய்வுக்கு உதவாது. சரியாகக் குறித்ததும் அந்தப் பிள்ளைகள்தான், எழுதத் திணறியதும் அதே பிள்ளைகள்தான். நீங்கள் கொடுத்த இரண்டு வேலைகளும் வெவ்வேறு என்பதால் இரண்டு விதமான விளைவு வந்திருக்கிறது. இவற்றில் எதை 'வாசித்துப் புரிந்துகொள்ளுதல்' என்று உங்கள் ஆய்வில் எழுதப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

உங்கள் கடிதத்தில் கண்ணை உறுத்திய இடம் ஒன்று உண்டு: பழைய நுழைவுத் தேர்வு உரைப்பகுதி. சீனாவில் மேல்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு பெரும்பாலும் திருப்புதலிலேயே போய்விடும். அதற்கு முன்பே, மாதத் தேர்வு, மாதிரித் தேர்வு என்று பழைய வினாத்தாள்களின் தடித்த தொகுப்புகளோடு பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். நீங்கள் கொடுத்த பகுதியை அவர்களில் பலர் முன்பே செய்து, விடையும் சரிபார்த்து, ஆசிரியை கரும்பலகையில் விளக்கியதையும் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பழைய பாடத்தின் மீள்பார்வை. நாளைக்கே ஆசிரியையிடம் இதைக் கேட்டுவிடுங்கள். முன்பே செய்திருந்தார்கள் என்றால் அந்த மதிப்பெண்களை ஆய்வில் சேர்க்காதீர்கள்.

இதுவரை யாரும் பார்க்காத பகுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்பதை ஊகிக்க முடியும். காவ்காவ் எனப்படும் அந்த நுழைவுத் தேர்வுக்கு 2024-இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொத்தம் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150. ஜூன் 8 பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிந்துவிடும். வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாணப் பிள்ளைகள் எழுதும் தாளில் கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. வாசிப்பின் முதல் பிரிவில் நான்கு உரைப்பகுதிகள், 15 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். அடுத்து, ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தைத் தேர்ந்து ஒரு கட்டுரையின் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். கேட்டலுக்கும் எழுத்துக்கும் போக, ஓர் உரைப்பகுதிக்கு ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. எனவே முதலில் வினாவைப் படி, அதன் முக்கியச் சொல்லின் கீழ் கோடிடு, பிறகு பகுதிக்குள் போய் அந்த இடத்தைத் தேடு என்றுதான் பழக்குகிறார்கள். இரண்டரை மதிப்பெண்ணில் தரவரிசை எவ்வளவோ சரியும் ஓர் இடத்தில் அது விவேகமான பழக்கம். அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அப்படித் தேடி வாசித்தவரிடம் தாளைப் பிடுங்கிக்கொண்டு "மொத்தத்தையும் சொல்" என்றால் அவர் என்ன செய்வார்? அவர் வாசித்த நோக்கம் வேறு, நீங்கள் கேட்பது வேறு. போதாததற்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாலு வரியில் நினைவாற்றலும், ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்கும் திறமையும், புரிதலும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒருவர் தோற்றால் எதில் தோற்றார் என்று சொல்லவே முடியாது. படித்த அயல்மொழிப் பகுதியைத் தாய்மொழியில் திருப்பிச் சொல்லச் சொன்னால் கற்போர் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்பதை 1980-களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதனால் விடையைச் சீனத்தில் எழுதச் சொல்லுங்கள். "முடிந்ததும் தாளை வாங்கிவிடுவேன், பிறகு கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார் என்று உங்கள் மொழியில் எழுத வேண்டும்" என்று வாசிக்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். அந்த ஓர் அறிவிப்பு அவர்கள் வாசிக்கும் விதத்தையே மாற்றிவிடும்.

வகுப்பு ஆசிரியைமீது உங்களுக்குச் சற்று வருத்தம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் பக்கத்தையும் பாருங்கள். மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியில் நின்றுபோன நுழைவுத் தேர்வு 1977-இல் மீண்டும் வந்தது. ஆங்கிலத்துக்குப் பல்தேர்வு வடிவிலான தரப்படுத்தப்பட்ட தேர்வு 1985-இல் குவாங்டொங் மாகாணத்தில் தொடங்கியது. குயி ஷிசுன், லி ஷியாவ்ஜு ஆகிய மொழியியலாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். அதுவரை இலக்கண விதியும் சொற்பொருளும் ஒப்பிப்பதே பாடம் என்றிருந்தது. தேர்வு மாறினால் வகுப்பறையும் மாறும், பிள்ளைகள் ஆங்கிலத்தை உண்மையில் வாசிக்கத் தொடங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்த நம்பிக்கை ஓரளவு பலித்தது. தவிர, கோடிப் பேரின் விடையை இயந்திரம் ஒரே கண்ணால் திருத்துகிறது. கிராமத்துப் பிள்ளைக்கும் பெருநகரப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். "மதிப்பெண்தான் சான்று" என்று அந்த ஆசிரியை சொல்லும்போது இந்த நியாயத்தைத்தான் சொல்கிறார். அதை மதியுங்கள்.

ஆனால் அவரோடு உடன்படாதீர்கள். பல்தேர்வு வினாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. உரைப்பகுதியைத் தொடாமலே சில வினாக்களுக்கு விடை கண்டுவிடலாம். அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான சாட் வினாக்களை உரைப்பகுதி இல்லாமல் மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளிவந்தது. குருட்டாம்போக்கில் குறித்தால் கிடைப்பதைவிட அவர்கள் நன்றாகவே அதிகம் பெற்றார்கள். சீன மாணவர்களிடையே ஒரு வாய்மொழி உலவுகிறது: 'மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைக் குறி, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தைக் குறி.' எதுவுமே தெரியாதபோது பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, அவ்வளவுதான். ஆனாலும் வினா அமைப்பவர் சரியான விடையை மட்டும் கவனமாக, நீளமாக எழுதிவிட்டு மற்ற மூன்றையும் ஏனோதானோ என்று எழுதினால், அந்தக் கயிறு உண்மையிலேயே கரை சேர்த்துவிடும்.

ஆகவே தாளைத் தயாரித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஆய்வில் சேராத வேறொரு வகுப்பில், உரைப்பகுதியை மறைத்துவிட்டு வினாக்களை மட்டும் கொடுங்கள். 50 பேர் உள்ள வகுப்பில், நான்கு தெரிவுகள் உள்ள வினாவுக்குத் தற்செயலாகப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் சரியாகக் குறிக்கலாம். முப்பது பேர் சரியாகக் குறித்தால் அந்த வினாவைத் தூக்கி எறியுங்கள்.

நல்ல வினா எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒரு சிறு பகுதியைக் கற்பனையாகச் சொல்கிறேன். ஒரு சிற்றூர் நிர்வாகம் எல்லோருக்கும் இலவசமாக மிதிவண்டிகளை வைக்கிறது. முதல் ஆண்டு ஊரே ஓட்டுகிறது. இரண்டாம் ஆண்டு வண்டிகள் சும்மா நிற்கின்றன. மழை அதிகம் என்று கடைக்காரர் சொல்கிறார். வண்டிகள் திருடுபோகின்றன என்று காவலர் சொல்கிறார். மூன்றாம் பத்தியில் கட்டுரையாளர், முந்தைய ஆண்டும் இதே மழை பெய்தது, காணாமல் போனவை இரண்டே வண்டிகள் என்று காட்டிவிட்டு, அந்த ஆண்டு பஸ் கட்டணம் பாதியாகக் குறைந்ததைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்.

'மிதிவண்டிகளை வைத்தது யார்?' என்று கேட்டால் முதல் வரியில் விரலை வைத்துவிடலாம். 'இத்திட்டத்தைப் பற்றிக் கட்டுரையாளரின் மனநிலை என்ன?' என்று கேட்டு 'கோபம், வெறுப்பு, அலட்சியம், அக்கறை' என்று நான்கு தெரிவுகள் கொடுத்தால் வாசிக்காத பிள்ளையும் அக்கறையைக் குறித்துவிடும். 'வண்டிகள் சும்மா நிற்பதற்குக் கட்டுரையாளர் கருதும் காரணம் எது?' என்று கேட்டு, மழை, திருட்டு, பழுது, பஸ் கட்டணம் என்று கொடுத்துப் பாருங்கள். மழையும் திருட்டும் உலக வழக்கில் பொருந்துகிற காரணங்கள். பகுதியிலும் அந்தச் சொற்கள் இருக்கின்றன. சொல்லைத் தேடிப் பிடிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். யார் சொன்னது, கட்டுரையாளர் அதை ஏற்றாரா என்று பின்தொடர்ந்தவர் மட்டுமே பஸ் கட்டணத்துக்கு வந்து சேர்வார். இத்தகைய வினாவை அமைக்க ஒரு முழு மாலை ஆகலாம். ஆகட்டும்.

சொற்களையும் கவனியுங்கள். உதவியின்றி ஒரு பகுதியை நிறைவாகப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. 300 சொல் உள்ள பகுதியில் தெரியாத சொல் ஆறைத் தாண்டக் கூடாது. காவ்காவ் தாளிலேயே பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள சில சொற்களுக்குப் பக்கத்தில் சீனப் பொருள் அச்சிட்டிருப்பார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், தவறே இல்லை.

இன்னொன்று. பிரிட்டனைச் சேர்ந்த சார்லஸ் ஆல்டர்சன் 1984-இல் ஒரு கேள்வியை முன்வைத்தார்: அயல்மொழியில் வாசிக்கத் திணறுபவருக்குக் குறை வாசிப்பிலா, மொழியிலா? உங்கள் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை. அதே கடினம் உள்ள ஒரு கட்டுரையைச் சீனத்திலும் கொடுத்து, அதே வகை வினாக்களைக் கேளுங்கள். சீனத்தில் கட்டுரையாளரின் வாதத்தைத் துல்லியமாகப் பிடிக்கும் மாணவி ஆங்கிலத்தில் தவறவிட்டால், அவளுக்கு வேண்டியது ஆங்கிலச் சொல்வளமும் வாக்கிய அமைப்பும். இரண்டிலும் தவறவிடுபவனுக்கு ஆங்கில ஆசிரியை மட்டும் உதவிவிட முடியாது. இந்த இரண்டு பிள்ளைகளும் பல்தேர்வுத் தாளில் ஒரே மதிப்பெண்ணோடு பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டினாலே உங்கள் ஆய்வு அந்தப் பள்ளிக்குப் பயன்பட்டுவிடும். நான் இதைத்தான் பெரிதும் விரும்புகிறேன்.

ஆசிரியையை இணங்க வைக்க காவ்காவ் தேர்வே உங்களுக்குத் துணை நிற்கிறது. 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு புதிய வினா அறிமுகமானது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் கொடுத்து, ஏறக்குறைய 150 சொல்லில் கதையைத் தொடரச் சொல்வார்கள். இப்போது ஹூபெய் தாளிலும் அது உண்டு, 25 மதிப்பெண். கதையில் யார் யாருக்கு என்ன செய்தார், ஏன் செய்தார் என்று புரியாமல் அதைத் தொடர முடியாது. இதற்கும் அழகழகான வாக்கியங்களை உருப்போட்டு வந்து கொட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கதையோடு ஒட்டாத அழகு உடனே தெரிந்துவிடும். "உங்கள் பிள்ளைகளுக்கு இந்த 25 மதிப்பெண்ணுக்கான பயிற்சியாகவும் இருக்கும்" என்று சொல்லி ஆசிரியையிடம் இன்னும் ஒரு வகுப்பு நேரம் கேளுங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஜூன் நெருங்கும்போது மட்டும் போய் நிற்காதீர்கள். இலையுதிர்காலப் பருவத்தில் கேளுங்கள். இந்தச் சோதனையின் மதிப்பெண் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது என்பதையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் சீனம் பற்றிய கவலை. விடைகளை நீங்களே திருத்த வேண்டியதில்லை. உரைப்பகுதியில் உள்ள கருத்துகளைத் தனித்தனி வரிகளாகப் பிரித்துப் பட்டியலிடுங்கள். மிதிவண்டிக் கட்டுரை என்றால், வண்டிகள் வைத்தது, முதலாண்டின் ஓட்டம், மழை என்ற கருத்து, அது மறுக்கப்பட்டது, திருட்டு என்ற கருத்து, அதுவும் மறுக்கப்பட்டது, கட்டணம் குறைந்தது என்று. காரணத்தைச் சொல்லும் வரிக்குக் கூடுதல் மதிப்பெண் வையுங்கள். உங்கள் துறையில் படிக்கும் சீன மாணவர்கள் இருவரைத் தனித்தனியே திருத்தச் சொல்லுங்கள். மாணவர் பெயரும் தெரியக் கூடாது, ஒருவர் போட்ட மதிப்பெண் மற்றவருக்கும் தெரியக் கூடாது. இருவரும் வேறுபடும் தாள்களை எடுத்துக்கொண்டு மூவருமாக உட்காருங்கள். ஒரு விடை ஏன் ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குத் தவறாகவும் பட்டது என்று அவர்களைப் பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பட்டியலில் ஏதாவது ஒரு வரி தெளிவில்லாமல் இருந்திருக்கும். அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு, எல்லாத் தாள்களையும் இருவரிடமும் இன்னொரு முறை கொடுங்கள்.