தாடைக்குப் பந்து கடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 21. உடம்பு ஒல்லிதான். ஆனால் பக்கவாட்டில் போட்டோ எடுத்தால் மோவாயும் கழுத்தும் ஒன்றாகத் தெரிகின்றன. ரீல்ஸ் பார்த்து, தாடைக்கென்று விற்கும் ரப்பர் பந்து வாங்கி இரண்டு மாதமாகக் கடிக்கிறேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைக்கும் ‘மியூயிங்’கும் செய்கிறேன். இப்போது வாயைத் திறந்தால் காதோரம் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. எத்தனை மாதத்தில் ஜாலைன் (எடுப்பான தாடைக்கோடு) வரும்?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: ஜாலைன் வருமோ வராதோ, மூட்டுவலி வந்துவிடும் போலிருக்கிறதே தம்பி! காதுக்குச் சற்று முன்னால்தான் கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேர்கிறது. ‘டிக்’ அங்கிருந்து வருகிறது. வெறும் சத்தம் பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் பந்து கடித்த பிறகு வந்த சத்தம் என்பதால் அதை இன்றோடு நிறுத்துங்கள். வலித்தாலோ, வாய் முழுதாகத் திறக்காவிட்டாலோ பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, அந்தப் பந்து என்னதான் செய்கிறது? காது மடலுக்குக் கீழே, தாடையின் பின்மூலையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு பல்லை இறுக்கிக் கடியுங்கள். விரலுக்கடியில் உருண்டு எழும்புகிறதே, அதுதான் மாசெட்டர் தசை. கன்ன எலும்பிலிருந்து இறங்கித் தாடை மூலையில் ஒட்டியிருக்கும். பந்து கடித்தால் முக்கியமாகப் புடைப்பது இதுதான். புடைத்தால் முகம் முன்னாலிருந்து பார்க்க அகலமாகும், சதுரமாகும். உங்களுக்குக் குறையாகத் தெரியும் இடமோ மோவாய்க்குக் கீழே. அங்கே இந்தத் தசைக்கு வேலையே இல்லை. தென்கொரியாவில் இதே தசை பெரிதாக இருக்கிறதென்று தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுச் சுருக்கிக்கொள்கிறார்கள். அவர்கள் காசு கொடுத்துக் குறைப்பதை நீங்கள் காசு கொடுத்து வளர்க்கிறீர்கள்!

மியூயிங், ஜான் மியூ என்ற பிரிட்டன் பல் மருத்துவரின் பெயரால் வந்தது. அவர் பேசியது வளரும் குழந்தைகளின் தாடையைப் பற்றி. அதையே மற்ற பல் மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 21 வயதில் உங்கள் தாடை அநேகமாக வளர்ந்து முடிந்துவிட்டது. அதை நாக்கு தள்ளி நகர்த்தும் என்பதற்குச் சான்று கிடையாது. நாக்கை மேலே அழுத்தும்போது வாயின் அடித்தளம் தூக்கப்பட்டு மோவாயின் அடிப்பகுதி கொஞ்சம் இறுகித் தெரியும். கண்ணாடி முன் ஏமாறுவது அதில்தான். நாக்கை விட்டால் பழைய கதை.

ஒல்லியாக இருந்தும் கோடு தெரியவில்லை என்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. மோவாயின் அடிப்பகுதியைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மெத்தென்று ஒன்றும் சிக்கவில்லை என்றால் கொழுப்பின் மேல் பெரிதாகப் பழி போட முடியாது. எலும்பைத்தான் பார்க்க வேண்டும். உதட்டை மூடிப் பக்கவாட்டில் எடுத்த போட்டோவில் மோவாய் கீழுதட்டுக்கு நன்றாகப் பின்னால் நிற்கிறதா? அப்படியானால் கீழ்த்தாடையே உள்வாங்கியிருக்கலாம். இன்னொன்று, குரல்வளைக்கு மேலே லாட வடிவத்தில் நாவடி எலும்பு என்று ஒன்று இருக்கிறது. வேறு எந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் தசைகளில் தொங்குவது. அது சிலருக்குப் பிறவியிலேயே தாழ்வாக அமைந்திருக்கும். அவர்கள் எவ்வளவு மெலிந்தாலும் மோவாயிலிருந்து கழுத்துக்குத் திரும்பும் வளைவு மழுங்கித்தான் தெரியும். மேல்வரிசைப் பல் கீழ்வரிசையைத் தாண்டி அதிகம் துருத்தினால் பல்சீரமைப்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம். மோவாய் எலும்பை வெட்டி முன்னே நகர்த்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. போட்டோவுக்காக அதுவரை போக வேண்டுமா என்று வீட்டில் கேளுங்கள், நல்ல பதில் கிடைக்கும்.

உண்மையிலேயே கொழுப்பு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தத் தாடைப் பயிற்சியும் அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்காது. மொத்த எடை குறையும்போது அதுவும் குறையும். பித்தநீரில் உள்ள டியாக்சிகோலிக் அமிலத்தை ஊசியாகப் போட்டு இரட்டை மோவாயைக் கரைக்க அமெரிக்காவில் 2015இல் அனுமதி கொடுத்தார்கள். வீக்கமும் வலியும் கூடவே வரும். அரிதாக நரம்பு பாதித்துச் சிரிப்பு கோணலாவதும் உண்டு.

உங்களுக்குச் செலவில்லாத வழி சலூனில் இருக்கிறது. தாடியைத் தாடை எலும்பின் மேலேயே கோடு போட்டுச் சிரைக்கச் சொல்லாதீர்கள். குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள், மோவாயின் அடிப்பகுதி நிழலாகி விளிம்பு எடுப்பாகத் தெரியும். தாடி இன்னும் சரியாக வரவில்லை என்றால் அதற்கும் ரீல்ஸில் எண்ணெய் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.