ஜாகுவார் சி-டைப்: பிரேக் வென்று தந்த பந்தயம் (கேள்வி பதில்)

கேள்வி: சார், ஜாகுவாரின் பந்தயக் காரான சி-டைப் என்பது, அதே நிறுவனத்தின் சாலை ஸ்போர்ட்ஸ் காரான எக்ஸ்கே 120-க்கு வேறு பாடி மாட்டியதுதானே?

பதில்: இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற இயக்கப் பாகங்கள்தான் அங்கிருந்து வந்தன. இன்ஜின் 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு. போர்க்காலத்தில் கோவென்ட்ரி ஆலையில் தீக்காவலுக்கு விழித்திருந்த இரவுகளில் ஜாகுவாரின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸும் கூட்டாளிகளும் பேசிப் பேசி உருவாக்கிய இன்ஜின் அது. சி-டைப்பின் அடிச்சட்டம் புதிது, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. மேலே அலுமினியத் தகடு. அதன் வடிவம் விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் சேயருடையது. 'சி' என்றால் காம்பிடிஷன்.

கேள்வி: பந்தயத்துக்கென்றே தனி கார் எதற்கு, ஐயா?

பதில்: 1950-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்று எக்ஸ்கே 120 ஓடின. ஜான்சன், ஹாட்லி ஓட்டிய கார் முன்வரிசையில் வந்துகொண்டிருந்தது. பிரேக் தளர்ந்துபோக, கியரை இறக்கி இறக்கியே வேகத்தைக் குறைத்தார்கள். கடைசி சில மணி நேரத்தில் கிளட்ச் போய்விட்டது. எடையைக் குறைத்தால் ஜெயிக்கலாம் என்று ஹெய்ன்ஸுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே சி-டைப் வந்தது. லெ மானில் ஓடிய மூன்றில் இரண்டு கார்கள் ஆயில் குழாய் உடைந்து நின்றுவிட்டன. மூன்றாவதில் வாக்கரும் வைட்ஹெட்டும் ஜெயித்தார்கள்.

கேள்வி: பிறகு 1952 லெ மானில் மூன்று சி-டைப்பும் படுத்தது ஏன்?

பதில்: அவசரம். மெர்சிடிஸ் 300 எஸ்எல் வேகத்தைப் பார்த்த ஜாகுவார் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ், இன்னும் வேகம் வேண்டும் என்று தந்தி அடித்தார். மூக்கை நீட்டி, குளிர்விக்கும் குழாய்களை மாற்றினார்கள். மூன்று காரும் சூடேறி நின்றன. எனக்கு இன்றும் வருத்தம் தரும் பந்தயம் அது.

கேள்வி: டிஸ்க் பிரேக்கில் அப்படி என்ன விசேஷம், அண்ணா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, தம்பி! பழைய டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற உருளையை உள்ளிருந்து ஷூ என்ற கட்டைகள் அழுத்தும். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும், பிடிப்பு குறையும். டிஸ்க் என்பது இருபுறமும் பேடுகள் கவ்வும் தட்டு; சூடேறினால் அது தடித்து பேடை நோக்கியே வரும். திறந்த காற்றில் சுழல்வதால் சூடும் சீக்கிரம் தணியும். டன்லப்போடு சேர்ந்து இதைச் சோதித்துப் பழக்கியவர் ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ். 1952-இல் பிரான்ஸின் ரீம்ஸ் பந்தயத்தில் மாஸ் டிஸ்க் பிரேக் காரில் ஜெயித்தார். 1953 லெ மானில் ஆறு கிலோமீட்டர் நேர்சாலை முடிந்து இறுக்கமான வளைவு வரும்போது, மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பிறகும் ஜாகுவார் ஓட்டுநர்கள் வேகத்தை விடவில்லை. ரோல்ட், ஹாமில்டன் முதலிடம். மாஸ், வாக்கர் இரண்டாமிடம். சராசரி மணிக்கு 170 கிலோமீட்டர். லெ மானில் சராசரி மணிக்கு நூறு மைலை (161 கிலோமீட்டரை) தாண்டியது அதுவே முதல் முறை. அந்த வெற்றியில் பாதிக்கு மேல் பிரேக்குக்குத்தான் சேரும் என்பேன்.

கேள்வி: ஹாமில்டன் குடித்துவிட்டு ஓட்டினாராமே?

பதில்: அவரே சொன்ன கதை. அணி மேலாளர் லாஃப்டி இங்கிலாந்து என்பவர் அதை மறுத்தார். நான் மேலாளர் பக்கம்.

கேள்வி: மொத்தம் எத்தனை? வாங்கியவர்களுக்கும் டிஸ்க் பிரேக் கிடைத்ததா?

பதில்: 53. இல்லை, விற்பனைக்கு வந்தவற்றில் டிரம்தான்.