எதற்கு ஸ்கோப்? – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஒட்டன்சத்திரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். இஞ்சினியரிங் கட் ஆஃப் 162 வருகிறது. ஆனால் பி.எஸ்சி. புள்ளியியல்தான் படிப்பேன் என்கிறாள். அதற்கு ஸ்கோப் இல்லை, ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸில் சேர்த்துவிடு என்கிறார் மச்சான். ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே வந்து பேசினார்கள். மேனேஜ்மென்ட் கோட்டா, ஹாஸ்டலோடு நாலு வருடத்துக்கு எட்டு லட்சம். போன வருடம் ஒரு பையனுக்கு முப்பது லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்ததாம், போட்டோ போட்ட நோட்டீஸும் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தால் முதல் வருடத்தைச் சமாளிக்கலாம். என்ன செய்வது?

எம்.

அன்புள்ள எம்.,

நகையை எடுத்துப் பத்திரமாக உள்ளே வையுங்கள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இஞ்சினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் அது கிடையாது. வீட்டுக்கு வந்தவர்கள் இதைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். ஆக, இஞ்சினியரிங்தான் என்று முடிவானாலும் எட்டு லட்சத்துக்கு வேலையே இல்லை.

அப்புறம் இந்த ஸ்கோப். 2000 வாக்கில் ஐ.டி. என்றால்தான் மதிப்பு, அமெரிக்காவில் இணையத்தை நம்பித் தொடங்கிய டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்ததும் அதில் சேர்ந்த பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றார்கள். பத்து வருடம் கழித்து மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் அடிதடி, கொஞ்ச நாளில் அதே மெக்கானிக்கலில் சேர ஆளில்லாமல் பல கல்லூரிகள் இடங்களைக் குறைத்தன. இப்போது கம்ப்யூட்டர், டேட்டா என்று பெயரில் எது இருந்தாலும் போகிறது. 2024இல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பையும், இஞ்சினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ எடுத்துவிட்டது, வசதியுள்ள கல்லூரிகள் செக்‌ஷன் மேல் செக்‌ஷனாக ஏற்றிக்கொண்டிருக்கின்றன. தக்காளி விலை ஏறின மாதத்தில் நாற்று வாங்கி நட்டவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் உங்கள் மண்டியில் வந்து இறக்கினால் பெட்டி என்ன விலைக்குப் போகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தக்காளியாவது மூன்று மாதம். இது நாலு வருடம்.

அந்த நோட்டீஸுக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். பத்துப் பேரில் ஒருவனுக்கு முப்பது லட்சம், மீதி ஒன்பது பேருக்குத் தலா மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5.7 லட்சம் வரும். நோட்டீஸில் முப்பது லட்சம் இருக்கும், நேரில் கேட்டால் சராசரி ஆறு லட்சத்தைத் தொடும் என்பார்கள், இரண்டும் பொய்யில்லை. ஆனால் சம்பளத்தை வரிசையாக எழுதி நடுவில் இருப்பதை எடுத்தால் மூன்று லட்சம்தான். அதை இடைநிலை என்பார்கள், உங்கள் மகளைக் கேளுங்கள், சொல்வாள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று கொடுத்தாக வேண்டும், அதைத் தங்கள் இணையதளத்திலும் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கல்லூரியின் தாளைத் தேடிப் பாருங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால் அதிலிருந்தும் உங்களுக்கு ஒன்று தெரிகிறது. கூடவே, டேட்டா சயின்ஸ் பாடத்தை அங்கே நடத்துகிறவர் யார், என்ன படித்தவர் என்றும் கேளுங்கள். புதிய துறையின் பலகையை மாட்டுவது சுலபம், ஆசிரியரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

புள்ளியியலுக்கு ஸ்கோப் இல்லை என்று உங்கள் மச்சான் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர் புகழ்கிற டேட்டா சயின்ஸின் முதுகெலும்பே அதுதான். மருந்துக் கம்பெனிகளின் மருத்துவப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்ப்பது, வங்கியில் யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்று கணிப்பது, இன்ஷூரன்ஸில் பிரீமியம் கணக்கிடும் ஆக்சுவரி வேலை எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு வேண்டும். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் போதும். பி.இ. முடித்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வர முடியாது.

ஆனால் மகளிடமும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம்தான். எம்.எஸ்சி. முடித்தே தீர வேண்டும், ஐந்து வருடக் கணக்கு இது. தரவுகளைக் கையாள உதவும் ஆர், பைத்தான், எஸ்க்யூஎல் என்ற கணினி மொழிகள் மூன்றையும் கல்லூரி சொல்லித் தராவிட்டாலும் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சென்னை ஐஐடி 2021 முதல் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் படிப்பை பி.எஸ்சி.யோடு சேர்த்தே படிக்கலாம், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், கட்டணத்தில் சலுகையும் உண்டு. இரண்டு பட்டப்படிப்பை ஒரே நேரத்தில் படிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022இல் அனுமதித்துவிட்டது. இதற்கெல்லாம் அவள் தயார் என்றால் நான் அவள் பக்கம். வேண்டா வெறுப்பாக ஏஐ படித்து அரியர் வைப்பதைவிட, ஆசைப்பட்ட கணக்கைப் படிக்கிற பிள்ளைக்கு வேலை கிடைப்பது சுலபம் என்பது என் கட்சி.

சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் இருக்கிறது, கிறித்தவக் கல்லூரி, லயோலா, கோவையில் பிஎஸ்ஜி கலைக் கல்லூரி ஆகியவற்றிலும் உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தையும் இஞ்சினியரிங் கவுன்சிலிங் பதிவையும் இரண்டையுமே போட்டு வையுங்கள், ஒன்று மற்றதைத் தடுக்காது. எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும்.

கல்லூரிக்காரர்கள் மறுபடி வந்து, சீட்டைப் பிடித்து வைக்கிறோம், டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் மட்டும் கொடுங்கள் என்பார்கள். ஒரிஜினல் எதையும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.