பூத்துக் குலுங்கியும் காய்க்காத பயாஹிபே ரோஜா

கேள்வி: ஒரு பயாஹிபே ரோஜா செடி வாங்கி, அதிலிருந்தே போத்து வெட்டி ஆறு செடிகள் ஆக்கினேன். மூன்று வருடமாக இளஞ்சிவப்பாகப் பூக்கின்றன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. விதையெடுத்து நாற்று விட்டு விற்க ஆசை. போரான் தெளிக்கலாமா? வறட்சியில் இலையும் கொட்டுகிறது.

பதில்: போரான் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குறை உரத்தில் இல்லை. பெயரில் ரோஜா இருந்தாலும் இது இலை விடும் ஒரு கள்ளி. பனையைப் போல இதிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே தாயிலிருந்து வெட்டிய போத்துகள் எல்லாம் தாய் ஆணானால் ஆணாகவும், பெண்ணானால் பெண்ணாகவும்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது ஆறு செடி இல்லை, ஒரே செடியின் ஆறு துண்டுகள்.

ஆணா பெண்ணா என்று தெரிய, நன்றாக விரிந்த பூவின் நடுவில் விரல் நுனியை வைத்து மெல்லச் சுழற்றுங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால் ஆண். ஒரு பூவோடு நிறுத்தாமல் நாலைந்து பூக்களில் பாருங்கள். அப்புறம் எதிர்ப்பாலில் ஒரு போத்தாவது தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டும் பூத்ததும் மெல்லிய தூரிகையால் ஆண் பூவின் தூளை எடுத்துப் பெண் பூவின் நடுவே தூளை வாங்கும் சூல்முடியில் தடவிவிடுங்கள்.

வாங்கும்போது கவனம். இதன் அறிவியல் பெயர் பழைய புத்தகங்களில் பெரெஸ்கியா கிஸ்கேயானா, இப்போது லியூன்பெர்கேரியா கிஸ்கேயானா. இதே நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் பிரேசில் நாட்டுப் பெரெஸ்கியா கிராண்டிஃபோலியாவும் ரோஜாக் கள்ளி என்ற பெயரில் கிடைக்கும். அது வேறு இனம், உங்கள் வேலைக்கு ஆகாது. உங்களுடையது டொமினிக்கன் குடியரசின் பயாஹிபே பகுதிக்கே உரிய அபூர்வச் செடி. 2011-இல் மகோகனிப் பூவின் இடத்தில் அந்நாட்டின் தேசிய மலரானது இதுதான்.

இலை கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், வறட்சியில் உதிர்ப்பது அதன் சுபாவம். கெடுப்பது நாம்தான். மொட்டையாக நிற்கிறதே என்று குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். துளிர் வரும்வரை மண் காய்ந்த பிறகு கொஞ்சம் விட்டால் போதும். அதற்காகச் சப்பாத்திக்கள்ளி மாதிரி மாதக்கணக்கில் மறந்துவிடவும் கூடாது. இதன் தண்டில் சீக்கிரமே பட்டை கட்டிவிடும், உணவு தயாரிப்பது இலைதான். இலை இருக்கும் காலத்தில் தண்ணீரும் வேண்டும், நல்ல வடிகாலும் வேண்டும். முள் கிளம்பும் இடுக்குகளில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடியுங்கள்.

இனிமேல் போத்து வெட்டினால் நிழலில் சில நாள் காயவைத்து, வெட்டுவாய் ஆறியதும் மணற்பாங்கான மண்ணில் ஊன்றுங்கள். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்று நூல் கட்டி வையுங்கள். வாங்குகிறவருக்கு இரண்டையும் ஜோடியாகவே கொடுங்கள், இல்லாவிட்டால் இதே கேள்வியோடு அவர் உங்களிடம் வந்து நிற்பார்.