முதலில் தெரிவது முழு உருவம்

வணக்கம் ஐயா,
மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் அப்பா வருவது, முகம் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் கண் பகுதி பகுதியாகப் பார்த்துச் சேர்ப்பதாக மகனின் ஓவிய வகுப்பில் சொல்கிறார்கள். எது சரி? செல்போன் கேமராவும் அப்படித்தான் பார்க்கிறதா?
எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

செல்போனை விடுங்கள், அது வேறு கதை. அப்பாவை நடையை வைத்தே கண்டுகொண்டிருப்பீர்கள். மூட்டுகளில் பொருத்திய சில ஒளிப்புள்ளிகள் நகர்ந்தாலே ஆள் நடப்பது தெரியும் என்று 1973இல் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் காட்டிவிட்டார்.

என்னை உறுத்துவது அந்த ஓவிய வகுப்பு. மூளையில் சின்னக் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் என்றே செல்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் நம் கவனத்துக்கு முதலில் வந்து சேர்வது எது? 1977இல் டேவிட் நாவோன் என்ற உளவியலாளர் சின்னச் சின்ன 'எஸ்' எழுத்துகளை அடுக்கிப் பெரிய 'எச்' ஒன்றை அமைத்துக் காட்டினார். பெரிய எழுத்து எது என்று கேட்டால் சின்னவை குறுக்கே வரவில்லை. சின்னதைக் கேட்டபோது பெரியது குறுக்கிட்டுப் பதிலைத் தாமதப்படுத்தியது. ஆனால் எழுத்து கண்முன் மிகப் பெரிதாகிவிட்டால் இந்த முந்துதல் போய்விடும் என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. இதைத்தான் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. தள்ளி நின்றால்தான் முழுசும் முந்திக்கொண்டு வரும்.

எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் முதலில் பென்சிலைத் தொடவே விடமாட்டார். எதிரே ஒரு பித்தளைக் குடத்தை வைத்து, "கண்ணைச் சுருக்கிப் பாருடா" என்பார். சுருக்கினால் கழுத்து வளையமும் ஒடுக்கும் கீறலும் மங்கிவிடும். சாய்ந்த வயிறும் ஒடுங்கிய கழுத்தும் நிழலும் வெளிச்சமுமாக எழுந்து நிற்கும். அதை வரைந்த பிறகுதான் வளையம். இன்றைய வகுப்புகளில் முகம் வரையச் சொன்னால் பிள்ளை இமைமுடியில் ஆரம்பிக்கிறது, பாராட்டும் கிடைக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

உங்களையும் சொல்ல வேண்டும். உங்கள் கண் தினமும் காட்டுவதை நம்பாமல், வகுப்பில் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்களே அம்மா!

சரி, மகனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவாலங்காட்டு வெண்கல நடராஜர் அங்கேதான் இருக்கிறார். சுற்றி வரும் நெருப்பு வளையமான திருவாசி இல்லாததால் உருவத்தின் வெளிக்கோடு தடையின்றித் தெரியும். எல்லோரும் கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி நின்று போட்டோ எடுத்துப் போகிறார்கள். நீங்கள் பின்னால் தள்ளி வந்து நில்லுங்கள். மடங்கிய வலக்கால், குறுக்கே தூக்கிய இடக்கால், அதன் மேலாக வீசிய கை. இந்த மூன்றும் ஒரே அசைவாகத் தெரியும்வரை அவனை முன்னால் போக விடாதீர்கள். அப்புறம் விரல்களைப் பார்க்கட்டும்.